ஹேட்ச்பேக் காரைத் தாழ்த்துவது: ஸ்பிரிங், அலைன்மென்ட், டயரின் உள்விளிம்பு

தாழ்த்திய கார் டயர்க் கடைக்கு வரும்போது வழக்கமாகத் தெரியும் காட்சி இது: முன் டயரின் வெளிப்பக்கத்தில் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) பாதிக்கு மேல் இருக்கும், உள்விளிம்பில் டயருக்குள்ளிருக்கும் நூல் வெளியே வந்திருக்கும். வண்டிக்காரர் ஸ்பிரிங்கைத் திட்டுவார், கடைக்காரர் கேம்பரைக் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) காட்டுவார். பெரும்பாலான வண்டிகளில் அந்த ரப்பரைத் தின்றது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஸ்பிரிங் மாற்றுவது அரைநாள் வேலை. அதனால் மாறிப்போன கோணங்களைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவரும் அலைன்மென்ட்தான் முழு வேலை. பட்ஜெட் போடும்போதே இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும்.

இங்கே சொல்வது ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ வகை வண்டிகளுக்கு. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டுவிஸ்ட் பீம் அச்சு (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை உத்தரம்). ஓட்டப்போவது புதுச்சேரி, கடலூர் சாலைகளில் என்று வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு தாழ்த்தலாம்

இந்த வகைக் கார்களின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. அளவில் இருக்கும். நான்கு பெரியவர்களும் டிக்கியில் பைகளும் ஏறினால் 30 முதல் 40 மி.மீ. அமுங்கும். ஆக 30 மி.மீ. தாழ்த்திய வண்டி, ஆட்கள் ஏறியதும் 100 மி.மீ. அளவில் நிற்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் கட்டியிருந்தால் மெதுவாக ஏறி இறங்கிவிடலாம். ஆனால் கடலூர் சாலையை விட்டு ரெட்டிச்சாவடியிலோ பாகூர் பக்கமோ ஊருக்குள் திரும்பினால், தெருவில் சிமெண்டைக் குவித்து ஒரு முழ அகலத்தில் போட்ட மேடுகள்தான் எதிர்ப்படும். அவற்றுக்கு எந்த அளவும் கிடையாது. முன் சக்கரம் இறங்கியபின் வண்டியின் நடுவயிறு அதில் உட்காரும். எக்ஸாஸ்ட் குழாயும் இன்ஜின் அடித்தட்டும் முதலில் அடிவாங்கும்.

எனவே இந்தப் பகுதியில் தினமும் ஓடும் வண்டிக்கு 25 முதல் 30 மி.மீ. போதும். 40 மி.மீ. என்றால் குடும்பத்தோடு போகும் ஒவ்வொரு பயணத்திலும் வழியை யோசிக்க வேண்டிவரும். 50 மி.மீ.க்கு மேல் போனால் கீழே சொல்லப்போகும் கோணக் கணக்கே கைவிட்டுப் போய்விடும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருக்களில் கார்கள் மூழ்கி நின்றதை ஊரே பார்த்தது. புயல் வராத ஐப்பசி, கார்த்திகையிலும் தாழ்வான தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, அதில் 30 மி.மீ. கழித்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. வண்டி எண் புதுச்சேரியின் பிஒய் 01 ஆனாலும் கடலூரின் டிஎன் 31 ஆனாலும் சட்டம் ஒன்றே. வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுப்பது சுலபம்.

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கட்டரில் அறுத்துவிட்டால் செலவே இல்லை என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் மீதி ஐந்தும் 20 சதவீதம் விறைப்பாகும். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்குச் செய்ததாகவே இருப்பதால் வண்டி குதிக்கும். அதைவிட மோசம், கடைசிச் சுற்றின் முனை. கம்பெனி ஸ்பிரிங்கில் அது இருக்கையில் சரியாக அமரும்படி வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். அறுத்த முனை அப்படி உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவி, திரும்ப வேறு இடத்தில் அமரும். கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவது இதைவிட ஆபத்து. எஃகின் பதம் போய்விடும். போன இடத்தில் ஸ்பிரிங் தொடர்ந்து தொய்யும், ஒருநாள் ஒடியும்.

வாங்க வேண்டியது உங்கள் மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங், நான்கும் சேர்ந்த செட். முன்னும் பின்னும் வெவ்வேறு பார்ட் நம்பர் இருக்கும். டீசல், பெட்ரோல் வண்டிகளுக்கு முன்பக்க எடை வேறு என்பதால் ஸ்பிரிங்கும் வேறு. பெட்டியில் உள்ள முன் அச்சு எடை வரம்பைப் பார்க்காமல் வாங்கினால், பெட்ரோல் வண்டியில் டீசல் ஸ்பிரிங் போட்டு மூக்கு தாழாமல் நிற்கும். மரையில் ஒரு வளையத்தைத் திருப்பி உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர் செட்டும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) உண்டு. ஆனால் கடற்கரைக் காற்றில் அதன் மரை பிடித்துக்கொள்வது பெரும் தொல்லை. அதைப் பற்றிக் கடைசியில்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மி.மீ. வரை நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஷாக்கே தாங்கும். 60,000 கி.மீ. ஓடிய ஷாக்கோடு புது ஸ்பிரிங்கைச் சேர்த்தால் சில மாதத்தில் எண்ணெய் கசியும். பில்ஸ்டீன் பி8 போல, தாழ்த்திய வண்டிக்கென்றே தண்டைக் குட்டையாகச் செய்த ஷாக்குகள் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன. கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது கூடவே மாற்ற வேண்டியவை: மேல் மவுண்ட்டும் அதன் பேரிங்கும், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது முட்டும் ரப்பர்), தூசி உறை, ஸ்பிரிங் இருக்கை ரப்பர், ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), நைலான் பூட்டு நட்டுகள் அனைத்தும். லோயர் ஆர்ம் (சக்கரத்தின் அடியை வண்டியோடு இணைக்கும் கை) புஷ், அதன் வெளிமுனையின் பால் ஜாயிண்ட், சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பியான டை ராடின் எண்டு மூன்றையும் கம்பியால் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஆடும் ஜாயிண்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட், கடை வாசலைத் தாண்டும் வரைதான் நிற்கும்.

கழற்றுவதற்கு முன் அளவு

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், பின்னால் தவிப்பவர்களும் அவர்களே. சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். தளம் மட்டமா என்று கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் நான்கு சக்கர இடத்தையும் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டைல்ஸ் துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள். டயரில் கதவுத் தூணில் எழுதிய காற்று, பாதி டேங்க் பெட்ரோல், உள்ளே ஆள் இல்லை. சக்கர மையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் தேய்மானம் அந்தக் கணக்கைக் கெடுக்கும்.

கூடவே ஒரு அலைன்மென்ட் பிரிண்ட்-அவுட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாழ்த்தும் முன் இருந்த கேம்பர், காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு), டோ தெரியாவிட்டால், பின்னால் தெரியும் கோளாறு ஸ்பிரிங்கால் வந்ததா, எப்போதோ பள்ளத்தில் விழுந்து ஆர்ம் வளைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

டை ராடு பூட்டு நட்டு, ஸ்ட்ரட் போல்ட், பின் ஷாக்கின் கீழ் போல்ட் மூன்றுக்கும் முதல் நாள் மாலையே துரு இளக்கி எண்ணெய் அடித்துவிடுங்கள். நம் பக்கத்து வண்டிகளில் இவை அசையாமல் பிடித்திருக்கும்.

முன்பக்கம்

1. சக்கர நட்டுகளைத் தரையில் வைத்தே இளக்கி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை நுழைக்கக்கூடாது.

2. லிங்க் ராடு, பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர் மூன்றையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். சக்கர ஹப்பைத் தாங்கும் நக்கிளைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நக்கிள் வெளியே சாய்ந்து டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயிண்ட் கழன்றுவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும்.

3. ஸ்ட்ரட்டுக்கும் நக்கிளுக்கும் இடையிலுள்ள இரண்டு போல்ட்டின் நிலையைப் பெயிண்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள் (போலோவில் இவை இல்லை, ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகியிருக்கும்). மேல் மவுண்ட் நட்டுகளைக் கடைசியில், ஸ்ட்ரட்டை ஒரு கையால் தாங்கியபடி.

4. வெளியே எடுத்த ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிராக இரண்டு பக்கமும் மாட்டி, மாற்றி மாற்றிச் சில சுற்றாக இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வைத்து இறுக்கக்கூடாது. ஸ்பிரிங் இரண்டு இருக்கையிலும் தளர்ந்து கையால் திருப்ப முடிகிறது என்று உறுதியானபின்தான் நடு நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். இந்த வேலை முழுவதிலும் உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். அனுபவம் இல்லையென்றால் ஸ்ட்ரட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் இந்த ஒரு வேலையை மட்டும் செய்து வாங்கி வாருங்கள்.

5. புது ஸ்பிரிங்கின் கீழ் முனை, இருக்கையின் படியில் முட்டி நிற்க வேண்டும். ஸ்பிரிங்கில் உள்ள எழுத்து நேராகப் படிக்கும்படி இருந்தால் மேல்-கீழ் சரி. பம்ப் ஸ்டாப்பைக் குறைக்கச் சொல்லி ஸ்பிரிங்கோடு வந்த தாளில் இருந்தால் அந்த அளவு மட்டும் வெட்டுங்கள். சொல்லாவிட்டால் வெட்டாதீர்கள்.

6. ஷாக் தண்டை முழுக்க நீட்டிவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது இறுக்கம் இருக்க வேண்டும். கடகடவென்று ஆடினால் அந்த ஸ்பிரிங்குக்கு இந்த ஷாக் நீளம். இப்படியே மாட்டக்கூடாது.

7. மாட்டும் முன் ஷாக் தண்டில் ஒரு சிறு கேபிள் டையைச் சுற்றிக் கீழே உடலோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். தூசி உறை இருந்தால் அதைத் தற்காலிகமாக மேலே ஏற்றி வையுங்கள். ஒருநாள் ஓட்டியபின் டை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவரை தண்டு உள்ளே போயிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பில் ஆழமாக அமுங்கிய இடம் வரை போயிருந்தால் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் ஓடுகிறது. திருப்பத்தில் வெளிச் சக்கரம் அந்த ரப்பரைத் தொடும் நொடியில் விறைப்பு பல மடங்காகி, டயர் பிடிப்பை விடும். மழையில் இது நடக்கும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

இறுக்கும் டார்க் அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுங்கள். போலோவின் சக்கர போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர் என்பது மாருதிக்குப் பொருந்தாது.

லோயர் ஆர்ம் புஷ்: எல்லோரும் விடும் படி

லோயர் ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கம்பெனியில் அந்த போல்ட்டைப் பழைய உயரத்தில் இறுக்கியிருக்கிறார்கள். வண்டியைத் தாழ்த்தி போல்ட்டைத் தொடாமல் விட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நிற்கும். சில ஆயிரம் கி.மீ.யில் கிழியும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்குவது இதைவிடக் கெடுதல். முறுக்கு அதிகம், வண்டியும் சில மி.மீ. உயர்ந்தே நிற்கும், இரண்டு பக்கமும் சமமாக இருக்காது.

செய்ய வேண்டியது: ஆர்ம் போல்ட்டை இளக்குங்கள். பால் ஜாயிண்டுக்கு அடியில் ஜாக்கி வைத்து, சக்கர மையத்துக்கும் ஃபெண்டருக்கும் இடையே புது உயரம் வரும் வரை தூக்குங்கள். முன்பு 375 மி.மீ. இருந்து இப்போது 345 வரவேண்டுமென்றால் 345இல் நிறுத்தி இறுக்குங்கள். பின் டுவிஸ்ட் பீமின் முன்முனையில் உள்ள பெரிய புஷ்ஷுக்கும் இதே முறைதான்.

பின்பக்கம்

இது சுலபம். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் இருக்கைகளைக் கழுவி, விரிசல் இருந்தால் மாற்றி, புது ஸ்பிரிங்கை வைத்து ஏற்றிவிடலாம். ஏபிஎஸ் இல்லாத சில பழைய கார்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். அச்சுக்கும் உடலுக்கும் இடைவெளி குறைந்தால் வண்டியில் சுமை ஏறியிருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். அப்படி வால்வு இருந்தால் கம்பியின் நீளத்தைச் சர்வீஸ் புத்தகப்படி திருத்தியாக வேண்டும்.

கோணங்கள் எப்படி மாறுகின்றன

மெக்ஃபர்சன் அமைப்பில் லோயர் ஆர்மின் வெளிமுனை ஒரு வட்டத்தில் மேலும் கீழும் போகிறது. கம்பெனி உயரத்தில் வெளிமுனை உள்முனையைவிடக் கீழே இருக்கும். வண்டி தாழத் தாழ ஆர்ம் படுக்கைவாட்டுக்கு வரும். அப்போது சக்கரத்தின் அடி சற்று வெளியே தள்ளப்பட்டு, மேல் உள்ளே சாயும். இதுதான் நெகட்டிவ் கேம்பர். ஆர்மும் ஸ்ட்ரட்டும் செங்கோணமாகும் இடத்தைத் தாண்டிவிட்டால் கதை திரும்புகிறது. அதற்குமேல் அமுங்கினால் சக்கர அடி உள்ளே இழுக்கப்பட்டு நெகட்டிவ் கேம்பர் குறைய ஆரம்பிக்கும். திருப்பத்தில் வண்டி சாயும்போது எங்கே கேம்பர் வேண்டுமோ அங்கே கிடைக்காது. வெளிச் சக்கரம் வெளிவிளிம்பில் நிற்கும்.

ரோல் சென்டர் என்னும் சாய்வு மையமும் கூடவே இறங்கும். வண்டியின் எடை மையம் 30 மி.மீ. இறங்கினால் ரோல் சென்டர் அதைவிட அதிகம் இறங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீள்கிறது. அதனால்தான் அளவுக்கு மீறித் தாழ்த்திய கார், பார்க்க ரேஸ் கார் போல இருந்தும், மென்மையான ஸ்பிரிங்கோடு திருப்பத்தில் முன்னைவிட அதிகம் சாய்கிறது. 25–30 மி.மீ. என்ற எல்லைக்கு இதுவும் காரணம்.

டோ மாறுவதற்குக் காரணம் டை ராடு. லோயர் ஆர்மும் டை ராடும் ஒரே நீளம், ஒரே சாய்வு அல்ல. வண்டி இறங்கும்போது இரண்டின் வெளிமுனைகளும் வெவ்வேறு அளவு நகர்கின்றன. அந்த வித்தியாசம் ஸ்டீயரிங் ஆர்மைத் தள்ளியோ இழுத்தோ சக்கரத்தைத் திருப்புகிறது. உள்ளே திரும்புமா வெளியேவா என்பது டை ராடுகளைத் தள்ளும் ஸ்டீயரிங் ரேக், சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னாலா, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அனுமானிக்க வேண்டாம், அளந்து பாருங்கள்.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 15 அங்குல ரிம் என்பது 381 மி.மீ. ஒரு சக்கரத்தில் முன்-பின் விளிம்பு வித்தியாசம் 3 மி.மீ. என்றால் 0.45 டிகிரி. அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருள்வதற்குள் கணக்குப்படி ஏறத்தாழ 8 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கி.மீ. ஒருமுறை போய்ச் சேர்வதற்குள் 170 மீட்டருக்கு மேல் ரப்பரைத் தார்ச்சாலையில் தேய்த்தபடி போகிறீர்கள். கேம்பர் ஒரு டிகிரி கூடுதலாக இருப்பதால் வரும் தேய்மானம் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் நெகட்டிவ் கேம்பரும் டோ-அவுட்டும் சேர்ந்தால் இரண்டும் ஒரே உள்விளிம்பில் விழும். அங்கேதான் நூல் தெரிகிறது.

வீட்டில் பார்க்கும் முறை

ஸ்பிரிங் மாட்டிய அன்றே அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப்போகும் அளவுக்காவது டோவைச் சரிசெய்ய வேண்டும். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, பானெட்டையும் டிக்கியையும் நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரங்கள் உடனே தங்கள் இடத்துக்கு வந்துவிடாது.

நூல் முறை: துறைமுகத்துக் கடைகளில் கிடைக்கும் தூண்டில் நரம்பு இதற்கு மிக நல்லது, தொய்யாது. இரண்டு பக்கமும் சக்கர மைய உயரத்தில், வண்டிக்கு இணையாக நரம்பைக் கட்டுங்கள். முன் சக்கர மையத்திலிருந்து நரம்புக்குள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும், பின்னாலும் அப்படியே. முன்பின் டிராக் அகலம் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவேயுள்ள தூரம்) வேறாக இருக்கும் என்பதால் முன்னையும் பின்னையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். பின் இரும்பு ஸ்கேலால் ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டிலிருந்தும் நரம்புக்குத் தூரம் பாருங்கள். முன்விளிம்பில் தூரம் அதிகமென்றால் டோ-இன், குறைவென்றால் டோ-அவுட்.

டை ராடின் பூட்டு நட்டை இளக்கி ராடைத் திருப்பினால் டோ மாறும். மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் சிறு கார்களில் கால் சுற்றுக்கு ரிம்மில் 1 மி.மீ.க்குச் சற்று மேல் நகரும். இரண்டு பக்கமும் சம அளவு திருப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் கோணலாகும். ரேக்கின் ரப்பர் உறையும் ராடோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதன் சிறு கிளிப்பை விடுவித்துவிட்டுத் திருப்புங்கள். முறுக்கிய உறை கிழிந்தால் அடுத்த மழையில் ரேக்குக்குள் தண்ணீர்தான்.

கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ரிம்மின் மேல்விளிம்புக்கு வெளியே நூலைத் தொங்கவிட்டு, மேல்விளிம்பு, கீழ்விளிம்பு இரண்டிலும் இடைவெளி பாருங்கள். 15 அங்குல ரிம்மில் 7 மி.மீ. வித்தியாசம் ஏறத்தாழ ஒரு டிகிரி.

அலைன்மென்ட் கடையில் கேட்க வேண்டியவை

முதல் 300 முதல் 500 கி.மீ. வரை ஸ்பிரிங்கும் ரப்பர் இருக்கைகளும் அமர்ந்து இன்னும் சில மி.மீ. இறங்கும். அதற்குப் பின்தான் முழு அலைன்மென்ட். கம்ப்யூட்டரில் பச்சை விழுந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பச்சை எல்லை கம்பெனி உயரத்துக்கானது, மிக அகலமானதும்கூட. எண்களைக் கேளுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் காற்று, பிறகு பின் அச்சைப் படித்தல், பிறகு முன் கேம்பர், கடைசியில் டோ. கேம்பரை அசைத்தால் டோவும் அசையும் என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது. தெருவில் ஓடும் வண்டிக்கு முன் கேம்பர் மைனஸ் 0.5 முதல் மைனஸ் 1.2 டிகிரிக்குள், இடம்-வலம் வித்தியாசம் அரை டிகிரிக்குள். மொத்த டோ பூஜ்யத்திலிருந்து 1 மி.மீ. டோ-இன் வரை. காஸ்டர் தாழ்த்துவதால் பெரிதாக மாறாது. இரண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஏதோ வளைந்திருக்கிறது என்று பொருள்.

முன் கேம்பர் அளவுக்கு மீறி நெகட்டிவ் ஆகியிருந்தால், ஸ்ட்ரட் இரண்டு போல்ட்டில் நக்கிளோடு சேரும் வண்டிகளில் கேம்பர் போல்ட் என்னும் மையம் விலகிய போல்ட்டைப் போட்டு ஒரு டிகிரிக்கு மேல் திருத்தலாம். போலோவில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி இறுக்கப்படுவதால் அந்த வழி இல்லை. லோயர் ஆர்ம்கள் பூட்டியிருக்கும் சப்ஃபிரேமை இளக்கி நகர்த்தி இரண்டு பக்கத்தையும் சமப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். துளையைக் கிரைண்டரில் நீளமாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

டுவிஸ்ட் பீமில் பின் கேம்பர், டோ இரண்டுக்கும் திருகு எதுவும் கிடையாது. நல்ல பக்கமும் உண்டு: பீம் தாழ்ந்தாலும் அந்தக் கோணங்கள் அதிகம் மாறாது. தவறாக இருந்தால் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்துத்தான் திருத்த முடியும். ஆனால் பின்பக்கத்தைப் படிக்காமலே முன் டோவை வைத்தால் ஸ்டீயரிங் ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

இஎஸ்பி (சறுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யப்படுத்தச் சொல்லுங்கள். ஹெட்லைட்டும் மறக்கக்கூடாது. முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் தாழ்ந்தால் வெளிச்சம் காலடியில் விழும், பின்பக்கம் அதிகம் தாழ்ந்தால் எதிரே வருபவர் கண்ணில். 10 மீட்டர் தள்ளிச் சுவரில் பார்த்தால் டிப் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும்.

டயரைப் படித்தல்

தாழ்த்தும்போதே அலாய் வீலும் டயரும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621 மி.மீ.க்குச் சற்று மேல். 195/55 ஆர்15 போட்டால் 595. விட்டம் 26 மி.மீ. குறைந்தால் கிரவுண்ட் கிளியரன்ஸில் இன்னும் 13 மி.மீ. போயிற்று, ஸ்பீடோமீட்டரும் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். டயரின் தாங்குதிறன் எண்ணையும் பாருங்கள்: 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 85 என்றால் 515. கம்பெனி எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். பக்கச்சுவர் குட்டையானால் பள்ளத்தில் அது ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவே நசுங்கிப் பக்கவாட்டில் புடைக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது.

மாட்டியபின் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, பின் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். ஃபெண்டரின் உள்தட்டில் சுண்ணாம்புக்கட்டியால் முன்கூட்டியே பூசிவைத்தால், டயர் உரசிய இடத்தில் அழிந்திருக்கும்.

பட்டன் ஆழத்தைக் கேஜ் வைத்து உள், நடு, வெளி மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். அலைன்மென்ட் முடிந்த அன்று ஒருமுறை, 1,000 கி.மீ.யில் ஒருமுறை, 3,000இல் ஒருமுறை. உள்ளும் வெளியும் அரை மி.மீ.க்கு மேல் விலகினால் கடைக்குத் திரும்புங்கள். உள்விளிம்பு நின்ற இடத்திலிருந்து தெரியாது. ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும், பின் டயருக்குத் தரையில் படுத்தே பார்க்க வேண்டும்.

அளவுக்கு முன்னால் கை சொல்லிவிடும். டயரின் குறுக்கே உள்ளங்கையை இழுங்கள். உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது பட்டன் விளிம்புகள் கூராகத் தட்டி, எதிர்த்திசையில் வழுவழுப்பாக இருந்தால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே போகும்போது தட்டினால் டோ-அவுட். கூர் எதுவும் இல்லாமல் உள்பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். அங்கங்கே குழி குழியாக இருந்து ஓட்டும்போது உறுமல் கேட்டால் ஷாக் வேலை செய்யவில்லை, அல்லது பேலன்சிங் போயிருக்கிறது. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு.

5,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். திசை அம்பு போட்ட டயரை அதே பக்கத்தில் மட்டும் மாற்ற வேண்டும். பட்டனுக்கு நடுவிலுள்ள அடையாள மேடு 1.6 மி.மீ. உயரம். எந்த இடத்தில் அந்த மேட்டைத் தொட்டாலும் டயர் முடிந்தது, மீதி அகலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தை 80 கி.மீ. வேகத்தில் கடக்கும்போது, தண்ணீரை வெளியேற்ற வேண்டிய வாய்க்கால்களில் உள்பக்கத்தவை இல்லாமல் போயிருக்கும்.

உப்புக் காற்று

தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலைப் பக்கமோ இரவில் நிற்கும் வண்டிக்கு அடிப்பாகத்தில் உப்புப் படியும். ஸ்பிரிங்கின் மேல் பூசிய பவுடர் பெயிண்டில் கல் பட்டு ஒரு சிராய்ப்பு விழுந்தாலும் துரு அங்கே தொடங்கி உள்ளே போகும். ஸ்பிரிங் ஒடிவது பெரும்பாலும் கீழ்ச் சுற்றில், மண்ணும் ஈரமும் தங்கும் இடத்தில். வாரம் ஒருமுறை சக்கர வளைவுக்குள் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். தேங்கிய தண்ணீரில் ஓட்டிய மறுநாள் கட்டாயம். சிராய்ப்பு தெரிந்தால் தேய்த்து, துரு தடுப்புப் பெயிண்ட் பூசுங்கள்.

காயில்ஓவர் போட்டவர்கள் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பிடிப்புத் தடுப்புப் பசை பூசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளையத்தைச் சில சுற்று திருப்பித் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். வருடம் முழுக்கத் தொடாமல் விட்ட வளையத்தை அசைக்கக் கடைசியில் சுத்தியலும் உளியும் தேவைப்படும். டை ராடு பூட்டு நட்டு, கேம்பர் போல்ட் இரண்டுக்கும் மெல்லியதாக அதே பசை.

20,000 கி.மீ.க்கு ஒருமுறை லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, டிரைவ் ஷாஃப்ட் உறை மூன்றையும் பாருங்கள். தாழ்ந்த வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் எப்போதும் வேறு கோணத்தில் சுழல்வதால் உறையின் மடிப்புகள் சீக்கிரம் வெடிக்கும். சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் அதுதான்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எடைக்குப் போட வேண்டாம். முன் இடது, முன் வலது என்று தகட்டில் எழுதிக் கட்டி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி மழை படாத இடத்தில் வையுங்கள். பழைய பம்ப் ஸ்டாப்பும் மவுண்ட்டும் நல்ல நிலையில் இருந்தால் அதே சாக்கில். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதோ, வாங்க வருபவர் கம்பெனி உயரம்தான் வேண்டும் என்னும்போதோ அவை தேவைப்படும். திரும்ப மாட்டினால் ஆர்ம் புஷ் போல்ட்டைப் பழைய உயரத்தில் இளக்கி இறுக்குவதும், டோவைப் புதிதாக வைப்பதும் மறுபடி முதலிலிருந்து.